சந்தைச் சதுக்கத்தில் மூன்று இரும்புத் தகடுகள்

ஜெர்மனியின் ஆஹெனில் நான் கட்டடப் பொறியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்த மூன்றாவது வருடம், ஒரு நாள் காலை, ஒரு பெண் சிற்பி ஷூ பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் துறைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். விரல்களில் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். பெட்டியைத் திறந்து, அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு பொருளை என் மேசை மேல் வைத்தார். ஒரு தகடு நேராக நின்றது. இன்னொன்று அதன் முதுகில் சாய்ந்திருந்தது. மூன்றாவது, நிற்கும் தகட்டிலிருந்து பக்கவாட்டில் வெளியே நீண்டு அந்தரத்தில் நின்றது. அவ்வளவுதான்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"விழுமா விழாதா, அதை நீங்க சொல்லுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன்பே பத்து பேரிடமாவது கேட்டுவிட்டு வந்திருப்பார் என்று தோன்றியது.

ஆஹெனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில், ஹாலந்து எல்லையை ஒட்டிய ஒரு சிறு நகரம். அந்த ஊர் நகரசபை அந்த வருடம் ஒரு முடிவெடுத்திருந்தது. அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைக்காத மக்களைத் தேடிக் கலையே தெருவுக்குப் போகட்டும், ஒரு கோடைக்காலம் மட்டும் பார்க்கலாம் என்று மூன்று கலைஞர்களுக்கு மூன்று தெருக்களைக் கொடுத்திருந்தார்கள். இந்தச் சிற்பிக்குக் கிடைத்தது சந்தைச் சதுக்கம். ஆனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் மூன்று டன் இரும்பை நிறுத்துவதானால், அது பத்திரமாக நிற்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட தாள் வேண்டும் என்றது கட்டட அலுவலகம். என் பேராசிரியர் அதை என் பக்கம் தள்ளிவிட்டார். "சின்ன வேலை. உங்க ஜெர்மன் எழுத்துக்கும் நல்ல பயிற்சி" என்றார்.

எட்டுப் பக்கம் எழுதினேன். காற்று, பனி, மேலே ஏறிக் குதிக்கும் இளைஞர்கள், பின்னால் வந்து இடிக்கும் காய்கறி வண்டி என்று எல்லாவற்றையும் யோசித்தேன். பேராசிரியர் ஒரு கமாவைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கட்டட அலுவலகம் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. வாரம் ஒரு முறை யாராவது வந்து போல்ட்டுகளைச் சோதிக்க வேண்டும். அந்த 'யாராவது' நான்தான்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அதை நிறுத்தினோம். சதுக்கத்தின் ஓரத்தில் கல் பாவியதைப் பெயர்த்து, கான்கிரீட் போட்டு இறுகவிட்டிருந்தார்கள். கிரேன் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கியது. சிற்பி கீழே நின்று கைகாட்டினார், நான் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தை நாள் என்பதால் ஊரே கூடிவிட்டது. இரும்புக்கு வண்ணம் கிடையாது. மழையில் துருப்பிடித்துத் தானாக நிறம் மாறட்டும் என்பது சிற்பியின் எண்ணம். அது யாருக்கும் புரியவில்லை. ரொட்டிக் கடைக்கார அம்மாள் என்னிடம் வந்து, "எப்ப பெயின்ட் அடிப்பீங்க?" என்றார். அடிப்பதாக இல்லை என்றேன். அவர் என்னையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல இப்படித்தான் வைப்பாங்களா?" என்று பரிவோடு கேட்டார்.

அன்று முதல் அந்த ஊரில் பலருக்கு நான்தான் அந்தச் சிற்பத்தைச் செய்தவன். சனிக்கிழமை தோறும் ஸ்பேனரும் நோட்டுப் புத்தகமுமாக ஓர் இந்தியன் வந்து அதன் அடியில் மண்டியிட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, தனக்கு இது துளியும் பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னார். ஒரு பெண் தூக்குமரம் மாதிரி இருக்கிறது என்றார். பள்ளிப் பிள்ளைகள் மட்டும் எதுவும் கேட்காமல் சாய்ந்த தகட்டில் சறுக்கினார்கள்.

என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவன் திருநெல்வேலிக்காரன், ரசாயனம் படித்தான். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் திரும்பி வந்ததும் ஊர்க்கதை கேட்பான்.

"ஏல, எல்லாரும் கேக்காங்கன்னா அதுக்கு ஒரு மீனிங் இருக்கணும்லா? அந்தம்மாட்ட கேட்டுத் தொலைய வேண்டியதானே?"

"கேட்டேன்ப்பா. சொல்ல மாட்டேங்கறாங்க."

"நீ என்ன நெனைக்க?"

"விழாதுன்னு நெனைக்கறேன்."

அவன் சிரித்தான். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்தப் பொருள்மீது எனக்கு அப்போது இருந்த உறவு அவ்வளவுதான். ஆனால் எண்களில் அதை நான் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்கவில்லை என்ற சின்னப் பெருமையும் இருந்தது.

ஜூன் நடுவில் ஒரு புதன்கிழமை அந்தப் பெருமை போயிற்று. காலை பத்து மணிக்கு நகரசபையின் கலாச்சார அதிகாரி துறைக்குத் தொலைபேசினார். சிற்பத்தில் ஒருவர் மோதிக்கொண்டார், புருவத்துக்கு மேலே பிளந்து தையல் போட்டிருக்கிறது என்றார். யார் என்று கேட்டேன். நகரசபையின் டெலிபோன் ஆபரேட்டர் என்றார். பிறகு, "அவருக்குக் கண் தெரியாது. போரில் போனது" என்றார்.

உட்கார்ந்து என் எட்டுப் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். அந்தரத்தில் நீண்ட மூன்றாவது தகட்டின் கீழ் விளிம்பு, நன்கு வளர்ந்த ஒரு மனிதனின் நெற்றி உயரத்தில் இருந்தது. அந்த அளவை நானே எழுதியிருந்தேன். அடியில் வெற்றிடம். கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு வருபவருக்குத் தடி எதையும் சொல்லியிருக்காது. கண்ணுள்ளவன் தானாக விலகிப் போவான் என்பதால் எனக்கோ, பேராசிரியருக்கோ, கட்டட அலுவலகத்துக்கோ அது ஒரு கேள்வியாகவே வரவில்லை.

மறுநாள் நானும் சிற்பியும் அங்கே போனோம். சிற்பத்தைச் சுற்றி மரத் தடுப்பு வைத்திருந்தார்கள். சிற்பி அதைக் கண்டதும் நின்றுவிட்டார். "வேலி போட்டாச்சுன்னா இதுவும் மியூசியம்தான்" என்றார். ஆனால் தடுப்பை எடுக்கச் சொல்லி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. "முதல்ல அவரைப் பார்க்கணும்" என்றார்.

நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் அவர் வேலை செய்தார். ஐம்பது வயது, அகன்ற தோள்கள், நெற்றியில் வெள்ளைக் கட்டு. கோட்டின் கையில் மஞ்சள் பட்டை, அதில் மூன்று கறுப்புப் புள்ளிகள்; கண் தெரியாதவர் என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். காதில் தொலைபேசி ஒலிக்கருவி. எதிரே இருந்த பலகையின் துளைகளில் அவர் விரல்கள் தேடாமலே போய் இணைப்புக் கம்பிகளைச் செருகின. நாங்கள் யார் என்று சிற்பி சொன்னார். மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

"ஆக, அந்த ரெண்டு பேர் நீங்கதானா" என்றார் அவர். "ஆறு வாரமா உங்களைத் திட்ட வர்ற எல்லா அழைப்பையும் நான்தான் கலாச்சார அலுவலகத்துக்கு இணைச்சு விடறேன். ஒரு நிமிஷம்."

ஒரு அழைப்பை இணைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஒருத்தர் பழைய இரும்புங்கறார். ஒரு அம்மா தூக்குமரம்கறாங்க. கப்பலோட மூக்குன்னு ஒருத்தர். பாதி திறந்த கதவுன்னு ஒரு டீச்சர். யார் சொல்றது சரின்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு யோசனை. நான் வழக்கமா போறது மறுபக்கம், தேவாலயச் சுவரை ஒட்டி. நேத்து அங்க கேஸ் குழாய்க்குத் தோண்டியிருந்தாங்க. இந்தப் பக்கமா வந்தேன். இப்ப எனக்குத் தெரியும், அது கதவு இல்லை."

சிற்பி சிரிக்கவில்லை. நானும்தான்.

"அடிபட்டதுல எனக்குக் கோபம் இல்லை" என்றார். "அடி எனக்குப் பழக்கம். இருபது வருஷமா அந்தச் சதுக்கத்தைக் கடந்து வேலைக்கு வரேன். அங்க கடை வச்சிருக்கிற எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதுல பாதிப் பேர் இந்த இரும்பைப் பத்தி என்கிட்டயே போன்ல கத்தியிருக்காங்க. 'பார்த்து வாங்க, தலை உயரத்துல ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு'ன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. அதுதான்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அறையில் அப்படி இருக்க முடியவில்லை.

"நானும் உங்களைப் பார்த்தேன்" என்றேன். "கிரேன் வந்த அன்னைக்கு. தேவாலயப் பக்கமா நடந்து போனீங்க. கைப்பட்டையைப் பார்த்தேன்."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "ஏன் சொல்லலை?"

"யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"ம்" என்றார். வந்த ஓர் அழைப்பை இணைத்தார். பிறகு, "நாலரைக்கு வேலை முடியும். நான் அதைத் தொட்டுப் பார்க்கணும். தடுப்பை எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

நாலரை மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கை என் முழங்கைக்கு மேலே லேசாகப் பட்டிருந்தது. பிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. தடுப்புப் பலகைகளை நானும் சிற்பியும் ஓரமாக நகர்த்தினோம். அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு நிற்கும் தகட்டின் அடியிலிருந்து ஆரம்பித்தார்.

அவசரமே இல்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரு விளிம்பைத் தொடர்ந்து போவார், நிற்பார், வந்த வழியே திரும்புவார், மறுபடி போவார். தகட்டின் கனத்தை விரல்களுக்கு இடையில் அளந்தார். துரு பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சாய்ந்த தகட்டில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றார். வெல்டிங் தழும்பு ஓரிடத்தில் மேடாக இருந்தது.

"இங்க கை நின்னு போய், மறுபடி ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

"ஆமா" என்றார் சிற்பி, ஆச்சரியத்தோடு. "வெல்டிங் குச்சி தீர்ந்துபோச்சு. அன்னைக்கு அத்தோட வேலையை விட்டுட்டேன். மறுநாள்தான் தொடர்ந்தேன்."

மேலே எட்டவில்லை. நான் ரொட்டிக் கடைக்கு ஓடி ஏணி கேட்டேன். அந்த அம்மாள் ஏணியைக் கொடுத்ததோடு நில்லாமல் தானும் வந்து அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் பேசவில்லை. ஆறு வாரமாக அந்தச் சிற்பத்தின் அருகில் நான் கேட்டிராத அமைதி அது. அவர் ஏணியில் நின்று தகட்டின் உச்சி விளிம்பில் கையை வைத்து, வெயில் விழும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு வெகு நேரம் இருந்தார். நான் அந்தத் தகட்டின் எடையைக் கிலோ சுத்தமாகச் சொல்வேன். அதற்கு இரண்டு பக்கமும் வேறு வேறு சூடு உண்டு என்று அன்றுதான் கவனித்தேன்.

கடைசியில் இறங்கி, தன்னைக் காயப்படுத்திய மூன்றாவது தகட்டுக்கு வந்தார். அதன் நுனி வரைக்கும் போனார். பிறகு சிற்பி நின்ற திசைக்குத் திரும்பினார்.

"நிக்கிறதும் சாயறதும் நல்லா இருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு வேணும்னு தெரியுது. இது மட்டும் சும்மா நீட்டுது. கீழே என்ன இருக்குன்னு இதுக்குத் தெரியலை."

சிற்பிக்கு முகம் சிவந்தது. பத்திரிகையில் வந்த எந்த ஏச்சும் அவரை இப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

பின்னர் ரொட்டிக் கடையின் ஓரத்தில் மூவரும் காபி குடித்தோம். ஆபரேட்டர் ஒரு யோசனை சொன்னார். நீட்டிய தகட்டுக்கு நேர் கீழே தரையில் ஏதாவது இருந்தால் தடி அதில் படும், விலகிப் போவேன் என்றார். ஒரு கல் போதும், ஒரு பூந்தொட்டி போதும்.

"முடியாது" என்றார் சிற்பி உடனே. "முடிச்ச வேலைக்குக் கீழே பூந்தொட்டி வைக்க மாட்டேன். வேணும்னா மொத்தத்தையும் எடுத்துட்டுப் போறேன்."

முழுவதையும் திருப்பி நிறுத்தலாமா என்று நான் இழுத்தேன். அதற்கும் முடியாது என்று தலையாட்டினார். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஆபரேட்டர் தன் கோப்பையைத் தடவி எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தார். "திரும்பி வருவாங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

பத்து நாள் எந்தச் செய்தியும் இல்லை. சனிக்கிழமை நான் போய்த் தடுப்புக்குள் நுழைந்து போல்ட்டுகளைச் சோதித்துவிட்டு வந்தேன். சிற்பத்தைச் சீக்கிரம் அகற்றிவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது, ஆபரேட்டரின் கைகள் போன வழியை என் கண் மனதுக்குள் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தது. முதல் முறையாக அதை எண்களாக இல்லாமல் நினைத்தேன்.

பதினோராம் நாள் சிற்பி துறைக்கு வந்தார். அதே அட்டை மாதிரி. அதில் நான்காவதாக ஒரு தகடு சேர்ந்திருந்தது. நீட்டிய தகட்டின் நேர் அடியில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, அதன் வடிவத்தையே சற்று அகலமாக எடுத்துக்கொண்டு, ஓரங்கள் தரைவரை மடிந்து படுத்திருந்தது. மேலே இருந்தது அந்தரத்தில் தொங்குவதாக இப்போது தோன்றவில்லை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"அவருக்காகச் செய்யலை" என்றார் நான் கேட்காமலே. "இது விட்டுப்போயிருந்தது. கணக்குப் போட்டுக் கொடுங்க."

நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் சொன்னதை அன்று நம்பவில்லை. வீம்பை விடாமலே இறங்கி வர அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த நான்காவது தகடு இல்லாத சிற்பத்தின் புகைப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஏதோ குறைகிறது.

ஜூலையில் தகடு பொருத்தியதும் தடுப்பை எடுத்துவிட்டார்கள். ஆபரேட்டர் வந்தார். யாரும் அவரை அழைத்து வரவில்லை, தானாகவே அந்தப் பக்கமாக நடந்து வந்தார். தடி தகட்டில் பட்டது. நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் நடந்தது. அது மணி போல ஒலித்தது. உள்ளே வெற்றிடம் விட்டுப் பொருத்தியதால் வந்த ஒலி. அவர் நின்று, இன்னொரு முறை தட்டினார். வேறோர் இடத்தில் தட்டினார். அங்கே ஒலி தடித்திருந்தது.

"இதையும் நீங்க கணக்குல போட்டிருந்தீங்களா?" என்றார் என்னிடம்.

"இல்லை."

"நல்லது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

தேவாலயப் பக்கத்துக் குழாய் வேலை முடிந்த பிறகும் அவர் பழைய வழிக்குத் திரும்பவில்லை. காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சதுக்கத்தில் இரண்டு தட்டு கேட்கும் என்று ரொட்டிக் கடை அம்மாள் சொன்னார். வெயில் நாட்களில் அந்தத் தகட்டில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். சந்தைக்கு வரும் பெண்கள் கூடையை அதில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்கள். திட்டுவது நிற்கவில்லை. தொப்பிக்காரர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் அதிருப்தியை எனக்குத் தெரிவித்தார், அந்தத் தகட்டில் உட்கார்ந்துகொண்டே.

செப்டம்பரில் நகரசபை கூடியது. மற்ற இரண்டு தெருக்களில் இருந்தவற்றை எடுத்துவிட முடிவாயிற்று. எங்களுடையதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, வாங்குவதும் இல்லை, அகற்றுவதும் இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த வருடமும் அதையே செய்தார்கள். நான் ஆஹெனை விட்டுக் கிளம்பும்வரை அது அங்கேதான் இருந்தது, யாருக்கும் சொந்தம் ஆகாமல்.

பட்டம் முடித்து எனக்கு ஜெர்மனியின் தெற்கே கார்ல்ஸ்ரூஹே நகரில் பாலம் கட்டும் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய வாரம் சொல்லிக்கொள்ள அந்த ஊருக்குப் போனேன். நகரசபையில் ஆபரேட்டர் இல்லை. தானாக இணைக்கும் தொலைபேசி இயந்திரம் வந்துவிட்டது, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார் வாசல் காவலர். எனக்குச் சங்கடமாக இருந்தது. "அவர் வீட்டுல இருக்க மாட்டார். அந்த இரும்புக்காரம்மா பட்டறையில பாருங்க" என்று வழி சொன்னார்.

பட்டறை என்பது பழைய லாரி கொட்டகை. கதவு திறந்திருந்தது. மேசை மேல் ஈரக் களிமண்ணில் ஒரு மாதிரி உருவம். ஆபரேட்டர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதன் மேல் குனிந்திருந்தார். இடுப்பில் கை வைத்தபடி சிற்பி எதிரே நின்றார்.

"இந்த இடத்துல இது ரொம்பப் பேசுது" என்றார் ஆபரேட்டர்.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசமும் இப்படித்தான் இருந்தது."

சிற்பி ஈரத் துணியை எடுத்து உருவத்தின் மேல் வீசி மூடினார். என்னைப் பார்த்ததும், "வாங்க, நீங்களாவது சொல்லுங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். வேலை போனதைப் பற்றி ஆபரேட்டரிடம் ஏதோ ஆறுதலாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார். "ஊர்ல எல்லாருடைய குரலும் எனக்கு மனப்பாடம். இப்ப யாரும் கூப்பிடறதில்லை, அதுதான் குறை" என்றார். பிறகு என் புதிய வேலையைப் பற்றி விசாரித்தார். சிற்பி பிளம்ஸ் கேக்கை வெட்டினார். ஒரு மணி நேரம் இருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நான் எழுந்தபோது துணி மறுபடி விலகியிருந்தது. ஆபரேட்டரின் விரல் அதே இடத்தில் இருந்தது. சிற்பியின் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. நான் இரண்டு முறை விடைபெற்றேன். இருவரும் சரி சரி என்றார்களே தவிர என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. கொட்டகையைத் தாண்டித் தெருமுனை வரும்வரை அவர்கள் வாதாடுவது கேட்டுக்கொண்டிருந்தது.